பாவனையில் இல்லாத பள்ளிக்கூடம்

ஜேர்மன் நாட்டு ஐஃபெல் மலைப்பகுதியில் ஐஷன்ராட் என்று ஒரு சின்ன ஊர். குடிசனம் நூற்று அறுபத்திரண்டு. மாதாவின் பெயரில் ஒரு சிறு கோவில், மூன்று பசுப்பண்ணை, வெள்ளிக்கிழமைகளில் ஹோர்ன் அடித்துக்கொண்டு பாண் விற்க வரும் வான், நாளுக்கு மூன்று தடவை வந்துபோகும் பேருந்து. அந்த நூற்று அறுபத்திரண்டு பேரில் தமிழ் பேசுகிற ஒரே ஆள் பிளோறன்ஸ். இலங்கையில், பாசையூரில் பிறந்தவள். வயது அறுபத்திரண்டு. நாலு வருடத்துக்கு முன் கணவர் ராசன் மாரடைப்பில் போன பிறகு, அந்த வீட்டுக்குள் தமிழ் கேட்பதென்றால் அவளே பேசினால்தான் உண்டு. அதனால் பின்னேரங்களில் செபமாலையைச் சத்தமாகச் சொல்லுவாள். “அருள் நிறைந்த மரியே” என்று முதற்பாதியைச் சொல்லிவிட்டு மறுபாதியையும் தானே சொல்லுவாள். முன்பெல்லாம் மறுபாதி ராசனுடையது.

மகள் நடாலி எசன் நகரத்தில் இருக்கிறாள். “இஞ்சை வாங்கோ அம்மா. தமிழ்ப் பூசை இருக்கு, தமிழ்க் கடை இருக்கு. அந்தக் காட்டுக்குள்ள தனிய என்ன செய்யிறியள்?” என்று ஞாயிற்றுக்கிழமை தோறும் தொலைபேசியில் கேட்பாள். “பாப்பம்” என்பாள் பிளோறன்ஸ். மகன் லக்ஸன் வால்டோர்ஃபில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை. அவன் அப்படிக் கேட்பதில்லை. கேட்டால் தானும் அடிக்கடி வரவேண்டியிருக்கும் என்று நினைத்தானோ என்னவோ.

பக்கத்து நகரத்து முதியோர் இல்லச் சமையலறையில் இருபத்தாறு வருடம் நின்று வேலை செய்ததில் முழங்கால் இரண்டும் போய்விட்டன. ஓய்வு எடுத்துக்கொண்ட மறுமாதம், ஊர்மரபுச் சங்கத்துத் தலைவி ஹெர்மெஸ் அம்மா வீட்டுக்கு வந்து, பழைய பள்ளிக்கூடத்தில் இருக்கும் ஊர் அருங்காட்சியகத்தை வாரம் ஒருமுறை தூசி தட்டிக் கொடுக்க முடியுமா என்று கேட்டார். சங்கத்தில் எல்லோரும் சம்பளமில்லாமல் செய்கிற வேலைதான். பிளோறன்ஸ் உடனே சரி என்றாள். ஏன் அவ்வளவு விரைவாகச் சொன்னாள் என்று ஹெர்மெஸ் அம்மா கேட்கவில்லை.

அந்த வருடம் ஊருக்கு எழுநூற்று ஐம்பது வயது. ஏதோ ஒரு மடத்துப் பத்திரத்தில் 1274இல் ஊரின் பெயர் முதன்முதலாக எழுதப்பட்டிருக்கிறதாம். ஓகஸ்டில் மூன்று நாள் விழா. ஊரின் வரலாறு புத்தகமாக அச்சாகிக்கொண்டிருந்தது. பழைய கட்டடங்கள் எட்டிலும் மாட்டுவதற்கு நீலநிறத் தகடுகள் செய்விக்கப்பட்டிருந்தன. மே மாதத்தில் ஒரு வியாழக்கிழமை பிளோறன்ஸ் துணியும் வாளியுமாக உள்ளே போனபோது அந்தத் தகடுகள் நீள மேசையில் வரிசையாகக் கிடந்தன. தண்ணீர் ஆலை, ஊர்ப் பொது அடுப்பு, கொல்லன் பட்டறை என்று ஒவ்வொன்றாக வாசித்துக்கொண்டு வந்தாள். ஐந்தாவது தகடு அவள் நின்றுகொண்டிருந்த கட்டடத்துக்கானது.

“பழைய பள்ளிக்கூடம். 1841இல் கட்டப்பட்டது. 1968 வரை ஊர்ப் பிள்ளைகள் இங்கே படித்தனர். 1968 – 1996: பாவனையில் இல்லை. 1996 முதல் அருங்காட்சியகம்.”

மூன்று தரம் வாசித்தாள். முப்பத்தெட்டு வருட ஜேர்மன் அவளுடையது. வைத்தியசாலைக் கடிதம், வரிக் கடிதம் எல்லாம் தானே வாசித்து விளங்கிக்கொள்ளுவாள். ஆனாலும் ‘பாவனையில் இல்லை’ என்ற சொல்லுக்குத் தனக்குத் தெரியாத வேறு அர்த்தம் இருக்கக்கூடும் என்று நினைத்து, கைத்தொலைபேசியை எடுத்துத் தேடிப் பார்த்தாள். வேறு அர்த்தம் இல்லை. காலி என்றுதான் இருந்தது.

காட்சிக்கு வைத்திருந்த பிள்ளைகளின் வாங்கு ஒன்றில் அப்படியே உட்கார்ந்தாள். அந்த வாங்கு இருந்த இடத்தில்தான் ஒரு காலத்தில் அவளும் ராசனும் படுத்த இரும்புக் கட்டில் இருந்தது.

அவர்கள் அகதிகளாக வந்தது 1985 நவம்பரில். பெர்லினில் இறங்கி, முகாம் முகாமாக மாற்றப்பட்டு, கடைசியில் ஒரு பேருந்தில் ஏற்றி இந்த மலையில் கொண்டுவந்து விட்டார்கள். பதினொரு பேர். பாதிப் பேர் ஒருவரையொருவர் பேருந்தில்தான் முதன்முதலாகக் கண்டார்கள். பதினேழு வருடமாகப் பூட்டிக்கிடந்த பள்ளிக்கூடத்துக்கு மாவட்ட நிர்வாகம் ஒரு எண்ணெய் அடுப்பும் கட்டில்களும் போட்டிருந்தது. பெரிய வகுப்பறையைக் கயிறு கட்டி, படுக்கை விரிப்புகளைத் தொங்கவிட்டு நாலாகப் பிரித்துக்கொண்டார்கள். சுவரில் கரும்பலகை அப்படியே இருந்தது. அதில் ஆருக்கு என்றைக்குச் சமையல் என்று எழுதி வைத்தார்கள். வேலை செய்யக்கூடாது. மாவட்ட எல்லையைத் தாண்டக்கூடாது. மொழி தெரியாது. ராசன் யன்னலோரம் நின்று, ரோட்டால் போகிற உழவு இயந்திரங்களை எண்ணுவார். “இண்டைக்குப் பதினாலு” என்று பின்னேரம் வந்து சொல்லுவார். சொல்லுவதற்கு வேறொன்றும் இருக்கவில்லை.

1987 ஜனவரியில் ஒரு காலை, யன்னல் உயரத்துக்குப் பனி கொட்டிக்கிடந்தபோது, பிளோறன்சுக்கு நோவு கண்டது. அம்புலன்ஸ் மலையடிவாரத்தில் சிக்கிக்கொண்டது. ராசன் பக்கத்து வீட்டுக் கதவை இரண்டு கையாலும் அடித்தார். ஆறு பிள்ளை பெற்ற மரியா தேலன், ஏப்ரன் கட்டிய கோலத்தில், துவாய்களும் ஒரு பெரிய கத்தரிக்கோலுமாக வந்தார். மரியாவுக்குத் தமிழ் தெரியாது. பிளோறன்சுக்கு ஜேர்மனில் நன்றியும் காலை வணக்கமும் மட்டும்தான் தெரியும். ஒவ்வொரு நோவுக்கும் அந்த இரண்டையும் மாறி மாறிச் சொல்லிக் கத்தினாள். மத்தியானம் லக்ஸன் பிறந்தான்.

பிறகு ஒவ்வொருவராகப் போனார்கள். சிலர் எசனுக்கு, சிலர் கனடாவுக்கு. 1992இல் மாவட்டம் அந்த இடத்தை மூடியது. ராசனுக்கு மர ஆலையில் வேலை கிடைத்து, ஊர் ஓரத்தில் ஒரு சின்ன வீடும் கிடைத்திருந்ததால் அவர்கள் மட்டும் தங்கிவிட்டார்கள்.

மறுநாள் பிளோறன்ஸ் ஹெர்மெஸ் அம்மாவின் வீட்டுக்குப் போனாள். எழுபத்தொரு வயது, ஓய்வுபெற்ற ஆசிரியை, இந்த ஊரிலேயே பிறந்தவர். புத்தகத்தை எழுதியவரும் அவர்தான். கோப்பி ஊற்றிக் கொடுத்துவிட்டுப் பொறுமையாகக் கேட்டார்.

“பள்ளிக்கூடம் காலியாக இருக்கவில்லை. நாங்கள் ஏழு வருடம் அங்கே இருந்தோம்” என்றாள் பிளோறன்ஸ்.

“தெரியும், பிளோறன்ஸ். ஆனால் நான் ஊராட்சிக் கோப்புகளை வைத்துத்தான் எழுதினேன். அந்த வருடங்களுக்கு எங்கள் கோப்பில் ஒரு தாள்கூட இல்லை. கட்டடம் அப்போது மாவட்டத்தின் கையில் இருந்தது. ஆதாரம் இல்லாமல் வரலாற்றில் எப்படி எழுதுவது?”

“என்ன ஆதாரம் வேண்டும்?”

“கடிதம், படம், ஏதாவது. யார் யார் இருந்தார்கள் என்ற விபரம். புத்தகம் அச்சுக்குப் போய்விட்டது. ஆனாலும் பார்க்கலாம்.”

படம் இல்லை. அந்தக் காலத்தில் அவர்களிடம் கமெரா இருக்கவில்லை. இருந்திருந்தாலும் அந்த அறையை யாரும் படம் எடுத்திருக்க மாட்டார்கள். ஊருக்கு அனுப்பவென்று ராசன் எடுப்பித்த ஒரேயொரு படத்தில்கூட, யாரோ ஒருவருடைய சிவப்புக் காருக்கு முன்னால்தான் நின்றார்கள்.

லக்ஸனுக்குத் தொலைபேசி எடுத்தாள்.

“உன்ர பிறப்புப் பத்திரத்தை ஒருக்கா அனுப்பு ராசா.”

“என்னத்துக்கம்மா? ஏதும் அந்த்ராக், விண்ணப்பம் குடுக்கப் போறியளோ?”

“இல்லை. நீ பிறந்த இடம் அதில என்னெண்டு போட்டிருக்கெண்டு பாக்கோணும்.”

அவனுக்கு ஒரு கூட்டம் இருந்தது. இரண்டு நாள் கழித்துப் பத்திரத்தின் படம் வந்தது. பிறந்த இடம்: ஐஷன்ராட், பழைய பள்ளிக்கூடம். கீழே அவன் ஒரு வரி எழுதியிருந்தான்: “இதை நான் வடிவா வாசிச்சதே இல்லை. ஹொஸ்பிட்டல் எண்டுதான் நினைச்சுக்கொண்டிருந்தனான்.”

பிளோறன்ஸ் அந்த வரியைக் கனநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். எத்தனையோ தரம் அவனுக்குச் சொன்ன கதை அது. சொன்னதாகத்தான் அவள் நினைத்திருந்தாள். உண்மையில் ராசனுக்குத்தான் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறாள் போல.

அடுத்தது பெயர்கள். பதினொரு பேரில் பிறின்சியின் கனடா இலக்கம் இப்போது வேறு யாருக்கோ சொந்தம். சுரேன் எங்கே என்று யாருக்கும் தெரியாது. எசனில் இருக்கும் ஜோன்சன் மட்டும் எடுத்தான். வந்தபோது பத்தொன்பது வயது. இப்போது பேரப்பிள்ளை கண்டவன்.

“அக்கா, அதை ஏன் இப்ப கிளறுறியள்?” என்றான். “நான் பிள்ளையளுக்கே அதைச் சொல்லேல்லை. நேரா எசனுக்கு வந்தனான் எண்டுதான் சொல்லி வச்சிருக்கிறன்.”

“அந்த வீட்டில ஒருத்தரும் இருக்கேல்லை எண்டு எழுதியிருக்கினம் ஜோன்சன்.”

“எழுதட்டும். அந்த ஊரிலையோ நான் சாகப் போறன்?”

சொன்ன பிறகுதான் அவனுக்கே உறைத்தது. ராசனின் கல்லறை அங்கேதான். “அக்கா, நான் அப்பிடிச் சொல்லேல்லை” என்றான். “ஓம், விளங்குது” என்று சொல்லித் தொலைபேசியை வைத்தாள். அன்று பின்னேரம் செபமாலையை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். சத்தம் வரவில்லை. மனதுக்குள்ளேயே சொல்லி முடித்தாள்.

ஞாபகத்தில் இருந்தபடி பெயர்களைத் தானே ஒரு தாளில் எழுதினாள். பத்துப் பெயர் வந்தது. பதினோராவது ஆள் மாஸ்டர். வவுனியாப் பக்கத்து மனிதர். ஐம்பது வயதிருக்கும், தனி ஆள். எல்லோரும் மாஸ்டர் என்றுதான் கூப்பிட்டார்கள். உண்மையில் படிப்பித்தவரா என்றும் தெரியாது. இரண்டு சேட்டுகளை மாற்றி மாற்றித் தோய்த்து, அடுப்புக்குப் பக்கத்தில் காயப்போட்டு, மடிப்புக் கலையாமல் உடுத்துவார். 1990இல் ஒரு காலை இரண்டு பொலிஸ்காரர் வந்து, அவருடைய விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டதென்று கூட்டிப்போனார்கள். கட்டிலில் விரிப்பை மடித்து வைத்துவிட்டு, “அப்ப வாறன்” என்று எல்லோருக்கும் பொதுவாகச் சொல்லிவிட்டுப் போனார். அவருடைய பெயரைக் கேட்க வேண்டும் என்று அன்றைக்கும் ஒருவருக்கும் தோன்றவில்லை.

மூன்று கிழமை கழித்து ஜோன்சனே திரும்ப எடுத்தான். “அக்கா, மாஸ்டரின்ர பேர் என்ன?” என்றுதான் தொடங்கினான். அவனுக்கும் அது நித்திரையைக் கெடுத்திருக்கிறது. ஒரு மணித்தியாலம் இருவரும் யோசித்தார்கள். க-வில் தொடங்கும் என்றான் அவன். இல்லை, பொலிஸ்காரன் வாசித்தபோது ஏதோ ‘சிவ’ என்று கேட்டது என்றாள் அவள். மாஸ்டருக்கு வெங்காயம் பிடிக்காது என்பது இருவருக்கும் நினைவிருந்தது. பெயர் மட்டும் வரவில்லை. ஆனாலும் அந்த ஒரு மணித்தியாலத் தமிழ் அவளுக்கு இரண்டு நாளுக்குக் காணும்போல இருந்தது.

பிறப்புப் பத்திரத்தையும் தாளையும் எடுத்துக்கொண்டு அவள் மறுபடி போனபோது ஹெர்மெஸ் அம்மா கண்ணாடியைப் போட்டு மெதுவாக வாசித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

“நான் அன்றைக்கு உங்களிடம் முழுவதும் சொல்லவில்லை” என்றார். “கோப்பு இல்லை என்பது உண்மை. ஆனால் சங்கத்தில் இதைப் பற்றிப் பேசினோம். அந்த வருடங்களை எழுதினால் யன்னல் விஷயத்தையும் எழுத வேண்டிவரும் என்று சிலர் சொன்னார்கள். அதனால் எதையும் எழுதாமல் விட்டோம்.”

1991 ஒக்டோபரில் ஒரு பின்னேரம், உள்ளே அவர்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, வெளியிலிருந்து கல் எறிந்தார்கள். ஆறு யன்னல் கண்ணாடி உடைந்தது. நாலு வயது லக்ஸனின் தட்டில் கண்ணாடித் துண்டு விழுந்தது. எறிந்தது யார் என்று பொலிஸ் கண்டுபிடிக்கவில்லை. ஊருக்குத் தெரிந்திருந்தது. பிளோறன்சுக்கும் ஒருவிதமாகத் தெரியும். அவர்களில் ஒருவன் இப்போது பேரப்பிள்ளையைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு போகும்போது அவளுக்குத் தலையசைக்கிறான். அவளும் அசைப்பாள்.

“கல் எறிந்ததை எழுதுவதோ விடுவதோ உங்கள் ஊர்ப் பிரச்சினை” என்றாள் பிளோறன்ஸ். “நான் இருந்த ஆட்களைத்தான் எழுதச் சொல்லிக் கேட்கிறேன்.”

“உங்கள் ஊரும்தானே” என்றார் ஹெர்மெஸ் அம்மா.

‘உங்கள் ஊர்’ என்று பிளோறன்ஸ் யோசித்துச் சொல்லவில்லை. வாயிலிருந்து தானாகத்தான் அப்படி வந்திருந்தது.

புத்தகத்துக்குள் ஒரு தனித்தாள் அச்சடித்து வைக்கலாம், தகட்டையும் மாற்றிச் செய்விக்கலாம் என்று ஹெர்மெஸ் அம்மா ஒப்புக்கொண்டார். பிறகு பெயர்ப் பட்டியலில் பென்சிலை வைத்தார். “இதை மட்டும் எடுத்துவிடுவோம். ‘மாஸ்டர்’ என்பது பெயர் இல்லையே. படிப்பவர்களுக்கு விளங்காது. பத்துப் பேர் என்று போடலாம்.”

“அப்படியென்றால் என் பெயரையும் எடுத்துவிடுங்கள்.”

“பிளோறன்ஸ்...”

“அவர் நாலரை வருடம் அந்த அறையில் இருந்தார். பத்துப் பேர் என்று நீங்கள் போட்டால், காலி என்று போட்டதற்கும் அதற்கும் எனக்கு வித்தியாசம் தெரியாது. என்னையும் ராசனையும் எடுங்கள். என் மகனையும் எடுங்கள்.”

முப்பத்தெட்டு வருடத்தில் அந்த ஊரில் யாரோடும் அவள் அப்படிப் பேசியதில்லை. ஹெர்மெஸ் அம்மா பட்டியலைத் தன் பக்கம் இழுத்தார். பிறகு பென்சிலால் எழுதினார்: “மாஸ்டர் (முழுப்பெயர் தெரியவில்லை), 1990இல் நாடு கடத்தப்பட்டார்.” திருப்பிக் காட்டினார். “இப்படிச் சரியா?”

“ஓம்” என்று தமிழிலேயே சொல்லிவிட்டாள்.

விழாவுக்கு வருவதாகச் சொன்ன லக்ஸன், பிள்ளைக்குக் காய்ச்சல் என்று கடைசி நேரத்தில் எழுதினான். நடாலிக்கு வேலை முறை மாற்ற ஏலவில்லை. எதிர்பாராமல் ஜோன்சன் வந்தான், தனியாக, இரண்டு மணித்தியாலம் கார் ஓட்டி. அவள் சமைத்து வைத்திருந்த மீன்குழம்பும் புட்டும் சாப்பிட்டான். ராசனின் கல்லறைக்குப் போய் மெழுகுதிரி கொளுத்தினான். பள்ளிக்கூடம் இருக்கிற தெருவின் தொடக்கம் வரைக்கும் அவளோடு நடந்து வந்தவன் அந்த இடத்தில் நின்றுவிட்டான்.

“நீங்கள் போயிட்டு வாங்கோ அக்கா. எனக்கு அங்கால வர ஏலாது.”

“ஒரு தகடுதானே ஜோன்சன்.”

“தெரியும். எண்டாலும் கால் வருகுதில்லை.”

அவள் வற்புறுத்தவில்லை; அவன் காருக்குத் திரும்பிப் போனான். அவனுடைய கார் பின்னேர வெயிலில் வளைவுக்குள் போய் மறையும்வரை நின்று பார்த்துவிட்டுத் தனியே மேலே போனாள்.

புதுத் தகடு கதவுக்குப் பக்கத்தில் இருந்தது. “1985 – 1992: இலங்கையிலிருந்து வந்த தமிழ் அகதிகள் பதினொரு பேர் இங்கே வாழ்ந்தனர். 1987 ஜனவரியில் மரியா தேலனின் உதவியுடன் ஒரு குழந்தை பிறந்தது.” அதற்கு முன்னால் மரியாவின் கணவர், எண்பத்தொன்பது வயதுத் தேலன் கிழவர், ஊன்றுகோலில் சாய்ந்து நின்றார். மனைவி போய்ப் பன்னிரண்டு வருடம். விரலை மனைவியின் பெயருக்குமேல் வைத்திருந்தார்.

“அன்றைக்கு எனக்கு மத்தியானச் சாப்பாடு கிடைக்கவில்லை” என்றார் திரும்பிப் பார்க்காமல். “அவள் வந்ததும் கத்தினேன். உருளைக்கிழங்கு கருகிப்போயிருந்தது. ஏன் போனாய் என்று கேட்டேன்.”

“மரியா என்ன சொன்னார்?”

“பொடியன், கறுப்புத் தலைமயிர், கை நிறைய இருக்கிறது என்றாள். அவ்வளவுதான். பிறகு அந்தக் கருகின கிழங்கையே போட்டுத் தந்தாள்.”

அவர் சிரித்தார். பிளோறன்சும் சிரித்தாள். கொஞ்சநேரத்தில் அவருடைய மகள் வந்து, பியர்க் கூடாரத்தில் எல்லோரும் தேடுகிறார்கள் என்று கையைப் பிடித்துக் கூட்டிப்போனாள். அந்தப் பேரப்பிள்ளைத் தள்ளுவண்டிக்காரன் தெருவுக்கு அந்தப் பக்கத்தால் போனான். அன்றைக்கு அவன் தலையசைக்கவில்லை. புத்தகத்திலும் தனித்தாளிலும் யன்னல்களைப் பற்றி ஒரு வரியும் இல்லை. கேட்டிருக்க வேண்டுமோ என்று முதன்முறையாக அவளுக்குத் தோன்றியது. தோன்றிய பிறகும் கனநாள் அது மனதை விட்டுப் போகவில்லை.

விழாவுக்குப் பிறகு ஹெர்மெஸ் அம்மா இன்னொன்று கேட்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டிலிருந்து ஐந்து மணிவரை அருங்காட்சியகம் திறந்திருக்கும். அங்கே இருந்து, வருகிறவர்களுக்கு விபரம் சொல்ல முடியுமா? நடாலி இதைக் கேட்டுச் சிரித்தாள். “அம்மா, அங்கை ஆர் வரப்போகினம்?” ஆனால் பிளோறன்ஸ் ஒப்புக்கொண்டாள். நத்தார்ப் பண்டிகைக்கு எசனுக்கு வந்து இரண்டு கிழமை நிற்பதாக மட்டும் மகளுக்குச் சொன்னாள்.

முதல் ஞாயிறு ஒருவரும் வரவில்லை. வாங்கில் இருந்து, ஆலையின் பழைய படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்த ஞாயிறு சைக்கிளில் ஒரு தம்பதி வந்து இறங்கினார்கள். ஹொலண்டுக்காரர், மலை ஏறிக் களைத்திருந்தார்கள். கழிப்பறை எங்கே என்று கேட்டார்கள். காட்டினாள். திரும்பி வரும்போது அந்தப் பெண் கதவடியில் நின்று தகட்டை வாசித்தாள்.

“பதினொரு பேரா? இந்த அறையிலா?”

“ஓம்... ஆமாம். இங்கே நாலு குடும்பம்போல.” பிளோறன்ஸ் எழுந்து, விரிப்புகளைக் கட்டிய இடங்களைக் கையால் காட்டினாள். கரும்பலகையில் சமையல் முறை எழுதியதைச் சொன்னாள்.

“அவர்களில் யாராவது இன்னும் இந்த ஊரில் இருக்கிறார்களா?”

“ஒரு ஆள் இருக்கிறார்.”

“அப்படியா, நல்லது” என்றாள் அந்தப் பெண். அவளுக்கு விளங்கவில்லை. கணவன் வெளியிலிருந்து கூப்பிட்டான். தண்ணீர் பிடிக்க முடியுமா என்று கேட்டாள். பிளோறன்ஸ் நாலு போத்தலிலும் குழாய்த் தண்ணீர் நிரப்பிக் கொடுத்தாள். இறக்கத்தில் பிரேக் பிடித்துப் போகச் சொன்னாள். அந்த வளைவு மோசமானது.

அவர்கள் போன பிறகு ஐந்து மணிக்கு இன்னும் முக்கால் மணித்தியாலம் இருந்தது. இருந்து முடித்தாள். பிறகு யன்னல்களைச் சாத்திவிட்டு, கல்லறைகள் இருக்கிற சேமக்காலை வழியாக நடந்தாள். பத்து நாளாக மழை இல்லை. வாளியில் தண்ணீர் எடுத்து ராசனின் கல்லறைப் பூச்செடிகளுக்கு ஊற்றினாள். பக்கத்தில் மரியா தேலனின் செடிகளும் வாடித்தான் கிடந்தன. அவற்றுக்கும் ஒரு வாளி ஊற்றிவிட்டு வீட்டுக்குப் போனாள்.